துவைக்காத சட்டை

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்: தோட்டத்துக் கிளினிக்குக்கு வரும் நோயாளி பவுடர் பூசிக்கொண்டுதான் வருவார்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. வாந்தி எடுத்தவராக இருந்தால், குளிப்பாட்டி, விபூதி வைத்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக் கொண்டுவருவார்கள். செம்பனைக் குலை காலில் விழுந்து ரத்தம் கொட்டினால், காலைக் கழுவித் துடைத்து, புதுக் கைலி கட்டிவிட்டு, அதன் பிறகுதான் வண்டி தேடுவார்கள். பாம்பு கடித்தவர் தலைசீவிக்கொண்டு வந்ததையும் பார்த்திருக்கிறேன். பாம்பை அடித்துக் கால்வாயில் வீசிவிட்டார்களாம். என்ன பாம்பு என்று கேட்டால், "நீளமா இருந்துச்சு மிஸ்ஸி" என்கிறார்கள். நீளமில்லாத பாம்பு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

லாபு ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் தாதியாக, அதாவது இவர்கள் வாயில் மிஸ்ஸியாக, நான் இருந்த காலம் முழுவதும் இந்த ஒரு சண்டையிலேயே போயிற்று. "குளிப்பாட்டாதீங்க, இருக்கிறபடியே கொண்டாங்க" என்று கிளினிக் வாசலில் நின்று கத்தினேன். கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியைப் பிடுங்கிச் சொன்னேன். கதவில் எழுதி ஒட்டினேன். ஒட்டியதை நின்று படித்துவிட்டு, மறுபடியும் குளிப்பாட்டியே கொண்டுவந்தார்கள்.

"அழுக்குத் துணியோட கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனா நம்மள என்னான்னு நெனப்பாங்க மிஸ்ஸி?"

தோட்டத்து ஆட்கள் அழுக்கு என்று யாரோ எப்போதோ முகம் சுளித்திருக்கிறார்கள். அதற்கு இவர்கள் இன்னும் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் ஓய்வுபெற்ற அன்று, புதிதாகச் சேர்ந்திருந்த தாதிகளான நீங்கள் "அக்கா, எங்களுக்கு ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டீர்கள். "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, கேக்கை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். சொல்ல வேண்டியது அப்போது எனக்கே முழுதாகத் தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு என் வீட்டிலேயே ஒன்று நடந்தது. இப்போதும் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தால் விரல் நடுங்குகிறது. நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருந்தால் எழுதவே மாட்டேன். அதனால் நடுங்கும்போதே எழுதுகிறேன்.

நான் உங்கள் வயதில் இருந்தபோது டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். பெயர் வேண்டாம். தோட்டத்திலிருந்து ஒரு நோயாளியை அனுப்பினால் முதலில் அவருக்குப் போன் செய்ய வேண்டும். நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது. "மிஸ்ஸி, அபா டியா மாக்கான்?" என்றுதான் எடுப்பார். மலாயில், என்ன சாப்பிட்டார் என்று அர்த்தம். காலை ஒடித்துக்கொண்டு வந்தவனுக்கும் அதே கேள்விதான். நான் காய்ச்சல் எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஆரம்பித்தால், "அது நான் பார்த்துக்கொள்வேன். நான் பார்க்க முடியாததைச் சொல்" என்பார்.

ஒருநாள் வாயில் நுரையோடு ஒரு பெண்ணை அனுப்பினேன். வழக்கம்போல அவளைக் குளிப்பாட்டி, பட்டுப்பாவாடை கட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். என்ன சாப்பிட்டாள் என்று தெரியவில்லை, வீட்டையெல்லாம் கழுவிவிட்டார்கள் என்று போனில் சொன்னேன்.

"அப்படியென்றால் கழுவிய தண்ணீரை அனுப்பு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கிளினிக்கில் ஒரே தாதியாக நின்று, ஒரு கையால் நோயாளியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போன் பேசுகிறவளிடம் பேசுகிற பேச்சா அது? சாயங்காலம் அவரே கூப்பிட்டார். பெண் பிழைத்துவிட்டாள் என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் எனக்கு வேலைக்காலம் முழுவதும் உதவியது: "நோயாளி உன் கைக்கு வந்தாயிற்று, எங்கேயும் ஓட மாட்டார். வீடு ஓடிவிடும். முதலில் வீட்டைப் பிடி."

அன்றிலிருந்து யாரையாவது அனுப்பும்போதே கிளினிக் ஆயாவை நோயாளியின் வீட்டுக்கு விரட்டுவேன். பாதி நேரம் ஆயா போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டுக்காரிகள் தரையைத் துடைத்து, சாம்பிராணி போட்டு முடித்திருப்பார்கள். திட்டினால், "பாவம், புள்ள ஆஸ்பத்திரியில கெடக்குது, வந்து பாக்குறப்ப வீடு நாறக் கூடாதுல்ல மிஸ்ஸி" என்பார்கள். அவர்களை அடிக்கவும் முடியாது, கும்பிடவும் முடியாது.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் பிரவீணா, வீட்டில் வீணா. பள்ளி விட்டதும் கிளினிக்குக்கு வந்து, மருந்து அலமாரிக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளுடைய அப்பா, என் வீட்டுக்காரர் சேகர், குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அவர் ஆலையிலிருந்து திரும்பும்வரை அவள் என்னோடுதான் இருப்பாள்.

அவள் பதினாறு வயதில், நான்காம் படிவத்தில் இருந்தபோது, வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பையன் தன் அறையில் இறந்து கிடந்தான். முந்தின நாள்வரை நன்றாக இருந்தவன். போலீஸ் வருவதற்குள் என்ன நடந்தது என்று நான் சொல்லவே வேண்டாம். உடம்பைக் கழுவினார்கள். படுத்திருந்த பாயை எரித்தார்கள். அறை முழுவதும் மருந்துத் தண்ணீர் ஊற்றித் துடைத்தார்கள். அவனோடு தங்கியிருந்தவர்களும் நம் ஆட்களும் சேர்ந்து செய்த காரியம். எவரும் எதையும் மறைக்க நினைக்கவில்லை. பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று நினைத்தார்கள். போலீஸ்காரர் வாசலில் நின்று, அறை ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே என்றார்.

இதயம் நின்றுவிட்டது என்றது ஆஸ்பத்திரி அறிக்கை. செத்த எல்லோருக்கும் அதுதான் நிற்கிறது.

அந்தப் பையனின் அண்ணன் ஊரிலிருந்து கிளினிக்குக்குப் போன் செய்ய ஆரம்பித்தான். அரைகுறை மலாயில் ஒரே கேள்வி: தம்பி எப்படிச் செத்தான்? அறிக்கையில் இருப்பதைச் சொல்வேன். அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிடுவான். ஒருமுறை நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், வீணா போனை எடுத்துவிட்டாள். அவள் வெறுமனே கேட்டுக்கொண்டே நின்றதைப் பார்த்தேன். வைத்துவிட்டு வந்து சொன்னாள்.

"அவங்க அம்மா தெனம் கேக்குறாங்களாம்மா. என்னாச்சுன்னு யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருக்க முடியுமா?"

"கழுவாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கலாம். போய்க் கணக்கு எழுது."

அவள் கணக்கு எழுதவில்லை. கழுவாமல் இருந்தால் யார் வந்து பார்ப்பார்கள், எதைப் பார்ப்பார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்று அன்றிலிருந்து என்னைத் துளைத்துவிட்டாள். அடுத்த வருடம், தடயவியல் படிக்கப் போகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தாள்.

எங்கள் இரண்டு குடும்பத்திலும் பல்கலைக்கழகப் படியேறியவர் கிடையாது. என் அப்பா கித்தா மரம் சீவி ரப்பர் பால் எடுத்தவர். வீட்டுக்காரருடைய அப்பா புல்வெட்டுக் கூலி. நான் ஐந்தாம் படிவம் முடித்து உதவித் தாதிப் பயிற்சிக்குப் போனதே எங்கள் லயத்து வீடுகளில் பெரிய விஷயம். என் மகள் கணக்காளராகிக் குளிரூட்டிய அறையில் உட்கார வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில் தப்பு உண்டா? ஊரார் ரத்தத்தைச் செருப்பில் ஒட்டிக்கொண்டு தினமும் வீடு திரும்பியவள் நான். அவளுக்கும் அதே பிழைப்பா, அதுவும் செத்தவர்களின் ரத்தத்தோடா?

தீபாவளிக்கு வந்த என் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "டாக்டருக்குப் படின்னா செத்தவனுக்கு டாக்டரா போறியாம்மா? எந்தப் பேஷண்ட் வந்து உனக்கு நன்றி சொல்லப் போறான்?"

"செத்தவங்க மருந்து கசக்குதுன்னு மூஞ்சத் திருப்ப மாட்டாங்க மாமா" என்றாள் இவள். "அத்தைகிட்ட கேளுங்க, நீங்க ஒரு மாத்திரை முழுங்க எவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்றீங்கன்னு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாம் என்றேன். நயமாகச் சொன்னேன், கோபமாகச் சொன்னேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆறாம் படிவம் முடித்ததும் தடயவியலுக்கே விண்ணப்பம் போட்டாள்.

அதற்கு முடிவு வருமுன்னர்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் ஓய்வுபெற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. காலையில் பாசாருக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு இருந்தேன். வீட்டுக்காரரிடமிருந்து போன்.

"ஒண்ணுமில்ல. நீ பதறாத. வீணா கொஞ்சம் வாந்தி எடுத்தா."

ஒண்ணுமில்ல என்று ஆரம்பிக்கும் போனை நான் எத்தனை எடுத்திருப்பேன்! மீனை அப்படியே போட்டுவிட்டுக் காரை எடுத்தேன். வரும் வழியிலேயே ஸ்பீக்கரில் விவரத்தைப் பிடுங்கினேன். வீட்டுக்குப் பின்னால் நாலு வெண்டைச் செடி, மிளகாய்ச் செடி வைத்திருக்கிறோம். சுற்றிலும் புல் மண்டிவிட்டது. இவர் தோட்டத்து மண்டோரிடம், அதாவது கங்காணியிடம், கொஞ்சம் புல்லு மருந்து கேட்டிருக்கிறார். களைக்கொல்லியைத்தான் அப்படிச் சொல்வார்கள். மண்டோர் அதைக் காலிக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். இவர் அதை வாங்கி வந்து மோட்டோர்சைக்கிள் கூடையில் வைத்திருக்கிறார். வழக்கமாக இவருடைய எலுமிச்சைத் தேநீர் பாட்டில் இருக்கும் அதே கூடையில். வெயிலில் செடிக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்த பிள்ளை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டாள். பாதியைத் துப்பியிருக்கிறாள், பாதி உள்ளே போயிருக்கிறது.

குடிக்கிற பாட்டிலில் விஷத்தை ஊற்றாதீர்கள் என்று நான் கதவில் ஒட்டிய இன்னொரு தாள் இருந்தது. அந்தத் தாளுக்குப் பசை தடவிக் கொடுத்தவரே இவர்தான்.

வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது கண்ணில் பட்டதை என்னால் மறக்க முடியவில்லை. நாற்காலியில் அவளுடைய தீபாவளிச் சுடிதார், இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் சீப்பு. அதன் பக்கத்தில் பவுடர் டப்பா.

எத்தனையோ வருடங்கள், ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியிருக்கிறேன். ஆமாம்மா, ஆமாம்மா, அநியாயந்தான் என்று தலையாட்டியபடியே ரசம் ஊற்றிச் சாப்பிட்ட மனிதர்.

"பாட்டில் எங்கங்க?"

"கழுவிட்டேன்."

"கழுவிட்டீங்களா?"

"பக்கத்து வீட்டுப் புள்ளைங்க எடுத்து வாயில வெச்சிடும்ல. நல்லா சோப்புப் போட்டுத்தான் கழுவுனேன்."

பாட்டில் பாத்திரக் கூடையில் தலைகீழாக, தண்ணீர் வடிந்து, பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்தது. அவள் வாந்தி எடுத்த இடத்தைத் தேடினேன். சிமெண்டுத் தரை ஈரமாக, எலுமிச்சை வாசத்தோடு இருந்தது.

வீணா குளியலறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்துப்போய், தான் போட்டிருந்த டீ-சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் தட்டு அளவுக்கு ஈரக்கறை.

"ம்மா, அப்பா எல்லாத்தையும் கழுவிட்டாங்க. இந்தச் சட்டை ஒண்ணுதான் மிச்சம். ரெண்டு தடவை உருவப் பாத்தாங்க. கடிக்கப் போயிட்டேன்."

"ஈரத்தோட ஒக்காந்திருக்கியேன்னுதான்…" என்றார் இவர்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். அவள் பிடித்துக்கொண்டிருந்தது சரி, உடம்பில் வைத்துக்கொண்டிருந்தது தப்பு. அந்த மருந்து தோல் வழியாகவும் இறங்கும். சட்டையைக் கழற்றி உடம்பைக் கழுவத்தான் வேண்டும். பாதி படித்தவர்களிடம் உள்ள ஆபத்து இது, எங்கள் வீட்டில் அன்று எல்லோருமே பாதி படித்தவர்கள்.

"கழட்டுடி. தோல்ல இறங்கும்."

"தண்ணில போட மாட்டேன்னு சொல்லுங்க."

"போட மாட்டேன்."

"சத்தியமா லா, ம்மா."

"சத்தியமாடி! கையை எடு!"

முகத்தில் படாமல் இருக்க, சட்டையை முதுகுப் பக்கம் கத்தரியால் வெட்டி முன்புறமாக எடுத்தேன். கையில் உறை மாட்டியிருந்தேன், அது மட்டும் பழக்கத்தில் தானாக நடந்தது. அவள் கழுத்தையும் நெஞ்சையும் கழுவிக்கொண்டே, சட்டையைப் போட மூடி போட்ட சுத்தமான பாட்டில் ஏதாவது கொண்டுவரச் சொன்னேன். இவர் ஓடிப்போய் ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தார்.

"பா, அது வேணாம்பா" என்றாள் வீணா, பல் தந்தியடித்துக்கொண்டிருக்கும்போதே. "அப்புறம் டாக்டர், இந்தப் பொண்ணு மாங்கா ஊறுகாயால செத்துச்சுன்னு எழுதிடுவாரு."

புதுப் பிளாஸ்டிக் பை இருந்தது. சட்டையை அதில் போட்டு, அந்தப் பையை இன்னொரு பையில் வைத்து முடிச்சுப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் இவர் அடுப்படியில் ஒரு டம்ளர் தண்ணீரில் உப்பைக் கலக்கிக்கொண்டிருந்தார். குடிக்க வைத்து மறுபடியும் வாந்தி எடுக்க வைக்கப் போகிறாராம். போகும்போது தொண்டையைச் சுட்ட மருந்து, திரும்பி வரும்போது இன்னொரு முறை சுடும். "ஒண்ணும் பண்ணாதீங்க!" என்று கத்த வாயைத் திறந்தேன்.

திறந்த வாய் அப்படியே நின்றது. இந்த வார்த்தையைத்தானே வேலைக்காலம் முழுவதும் கத்தினேன்? குளிப்பாட்டாதே, துடைக்காதே, துவைக்காதே, தொடாதே. ஒருவராவது கேட்டார்களா? பெற்ற பிள்ளை கண் முன்னால் சுருண்டு கிடக்கும்போது கை சும்மா இருக்குமா? அந்தக் கைக்குத் தெரிந்த வேலை துடைப்பது, துவைப்பது. அதைத்தான் செய்யும். இவர் கை நடுங்கியதில் டம்ளரில் கரண்டி தட்டித் தட்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, பையை அவர் கையில் கொடுத்தேன்.

"இதப் பிடிங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க. முடிச்ச அவுக்கக் கூடாது. டாக்டர் கையில குடுக்குற வரைக்கும் வேற யாரு கேட்டாலும் குடுக்கக் கூடாது. நீங்கதான் இதுக்குப் பொறுப்பு."

நடுக்கம் நின்றது என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கை அதன் பிறகு வேறு எதையும் தொடவில்லை.

கார் தோட்டத்து எல்லையைத் தாண்டும்போது, ஓட்டிக்கொண்டே ஸ்பீக்கரில் மண்டோருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரர்கிட்ட என்ன மருந்து குடுத்தீங்க?"

"நானா? நான் ஒண்ணும் குடுக்கலையே மிஸ்ஸி. கம்பெனி மருந்த நான் எதுக்கு வெளிய குடுக்கப் போறேன்?"

"எம்பொண்ணு குடிச்சிட்டா அண்ணே. எதுன்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் தெரியாது மிஸ்ஸி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

எது என்பதுதான் எல்லாம். இப்போது தோட்டங்களில் அடிக்கும் மருந்து ஒரு வாய் உள்ளே போனால் வாயும் வயிறும் புண்ணாகும், பெரும்பாலும் ஆறிவிடும். தடை செய்யப்பட்ட பழைய மருந்து அப்படியில்லை. பழைய மருந்தைப் பதுக்கி வைத்திருக்கும் கொட்டகை இன்னும் இல்லை என்று யார் சொல்ல முடியும்? அதைக் குடித்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் கட்டிலில் உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரரைக் கேலி செய்தார். பசிக்கிறது, கொழுக்கட்டை வேண்டும் என்றார். அந்த வாரமே நுரையீரல் மூடிப் போய்ச் சேர்ந்தார்.

அதனால், பின்சீட்டில் படுத்துக்கொண்டு என் மகள் தெளிவாகப் பேசியது எனக்கு ஆறுதலாக இல்லை. பேசப் பேச வண்டியை இன்னும் வேகமாக விட்டேன்.

"ம்மா, கலர் ஞாபகம் வெச்சுக்கோங்க. தேத்தண்ணி கலர். பச்சையா நீலமான்னு கேப்பாங்க, ரெண்டும் இல்லன்னு சொல்லுங்க. ஆனா பாட்டிலே மஞ்சள் பாட்டில், அதனால நான் சொல்றத அப்படியே நம்பக் கூடாது."

"பேசாம படுடி!"

"பேசுனாத்தான் உசுரோட இருக்கேன்னு தெரியும். கேளுங்க லா."

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர். தூக்கம் கெட்ட கண். முதல் கேள்வி, என்ன குடித்தாள்?

தெரியாது என்றேன். பாட்டிலைக் கழுவிவிட்டார்கள், தரையைக் கழுவிவிட்டார்கள், கொடுத்தவர் கொடுக்கவில்லை என்கிறார். சொல்லச் சொல்ல என் குரல், வருடக்கணக்காகக் கிளினிக்கில் எதிரே நின்று நான் திட்டிய எல்லாத் தாய்மார்களின் குரலாகவும் இருந்தது. டாக்டர் முகத்தில் தெரிந்த அலுப்பு எனக்குப் பழக்கமான அலுப்பு. அதை நானே எத்தனை பேரிடம் காட்டியிருக்கிறேன்.

அப்போது என் பின்னாலிருந்து இவர் முன்னே வந்தார். டவுன் ஆபீஸ்களில் பேச்சு எழாமல் என் முதுகுக்குப் பின்னால் நிற்கும் மனிதர். பையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"பாஜு. பெலும் பாசோ" என்றார் உரக்க.

சட்டை. துவைக்கவில்லை.

டாக்டர் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகர்ந்து பார்க்கவில்லை, பத்திரமாக வைத்தார். அலுப்பு போய்விட்டிருந்தது. சிறுநீரில் சோதிக்கலாம், ஆனால் இவ்வளவு சீக்கிரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று வந்தால் நான் அதை நம்ப மாட்டேன், துணியில் இருப்பது மருந்தேதான், அது பொய் சொல்லாது என்றார். ஆய்வுக்கூடத்துக்கு அவரே எடுத்துக்கொண்டு போனார். முடிவு வரும்வரை மோசமானதுதான் என்று வைத்துச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார்கள்.

நடைவழியில் உட்கார்ந்திருந்தோம். இவருடைய கை இரண்டும் மடியில், பை இன்னும் இருப்பதுபோல விரிந்தபடி இருந்தன.

"நான்தான் கொண்டாந்து வெச்சேன்" என்றார்.

"ஆமா. நீங்கதான்" என்றேன்.

எழுந்து போய்த் தேநீர் வாங்கி வந்தேன். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

முடிவு வந்தபோது டாக்டர் நடந்து வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. பழைய மருந்து இல்லை. பின்னால் செய்த சிறுநீர்ச் சோதனையும் அதையே சொன்னது. வாய் முழுவதும் புண், வயிற்றெரிச்சல், சில நாள் கஞ்சி. பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் மண்டோர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் வந்து நின்றார். "கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு பயந்துட்டேன் மிஸ்ஸி. ஆனா சாமி சத்தியமா நான் குடுத்தது புது மருந்துதான்." புது மருந்துதான்! அந்த ஒரு வார்த்தையைப் போனில் சொல்லியிருந்தால் அந்த நடைவழியில் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம் எங்களுக்கு மிச்சமாகியிருக்கும். நல்ல செய்தியைக் கையில் வைத்துக்கொண்டே பொய் சொன்ன மனிதரை என்ன செய்வது? வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு, காலிக் குளிர்பானப் பாட்டில் எல்லாவற்றையும் கொட்டகையிலிருந்து எடுத்து எறியுங்கள், நான் வந்து பார்ப்பேன் என்றேன். போய்ப் பார்த்தேன். அங்கே இன்னும் பாட்டில்கள் இருந்தன. மறுபடியும் போனேன். நீங்களும் போங்கள்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். கழுவாதே என்று இனி யாரிடமும் கத்தாதீர்கள். நான் கத்திக் காட்டியாயிற்று, பலிக்கவில்லை. போன் வந்ததும் அந்த வீட்டில் யாருடைய கை நடுங்குகிறதோ அந்த ஆளைக் கூப்பிடுங்கள், ஒரு வேலை கொடுங்கள். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நில். சட்டையைப் பையில் போடு. வாசலில் நின்று யாரையும் உள்ளே விடாதே. நீதான் பொறுப்பு என்று சொல்லுங்கள். குளிப்பாட்டுவதில் இருக்கும் பாசம் அத்தனையும் அந்தப் பையைப் பிடிப்பதில் போய்ச் சேரும். பவுடர் பூசத்தான் பூசுவார்கள். பூசிவிட்டுப் போகட்டும்.

வீணாவுக்கு இடம் கிடைத்தது. கிளந்தானில், தடயவியலுக்கே. நாட்டின் அந்தக் கோடி. என் அண்ணன் போன் செய்து, "சரி, செத்தவனுக்கு மட்டும் இல்ல, பொழைக்கிறவனுக்கும் ஒதவும்போல" என்று ஒருவழியாக ஒத்துக்கொண்டார். நான் ஒத்துக்கொண்டேனா என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. கழுவாத அறைகளுக்குள் தினமும் நுழையப் போகிற பிள்ளையை நினைத்தால் தூக்கம் வருவதில்லை. ஆனால் விஷம் உள்ளே போன நிலையில், பெற்ற அப்பாவோடு மல்லுக்கட்டித் தன் சட்டையைக் காப்பாற்றியவளிடம் வேறு படி என்று எந்த வாயால் சொல்வேன்?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வீட்டில் அவள் குடிக்கப் போகும் எதையும் முதலில் இவர் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறார். தேநீர், மோர், குழாயில் பிடித்த தண்ணீர்கூட. கத்திப் பார்த்தேன். கேட்கிற ஆளா?

சிரம்பான் பஸ் நிலையத்தில் அவளை ஏற்றிவிடப் போனோம். கடையில் தண்ணீர்ப் பாட்டில் வாங்கினார். மூடி திறக்காத, சீல் உடையாத பாட்டில். என் கண் முன்னாலேயே சீலை உடைத்து, உதட்டை வைத்து ஒரு வாய் குடித்தார். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கும் மனிதர், நன்றாக உதடு வைத்துக் குடித்தார். பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவசரப்படாமல், தனக்கு ஏதாவது ஆகிறதா என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மூடியை இறுக்கி, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"பா, இப்படித்தான் சாம்பிள் கெட்டுப்போவுது" என்றாள் வீணா.

மூடியைத் திறந்து, வாய்ப்பக்கத்தைத் துடைக்காமல், குடித்துவிட்டு ஏறினாள்.